அப்புச்சி சுட்ட டோர்த்தியா

ஜூன் 3, செவ்வாய்

காலை இட்லி மூன்று, தக்காளிச் சட்னி. மதியம் சோறு, கீரைக் கடைசல், மோர். இரவு சப்பாத்தி இரண்டு.

சாப்பிட்டதை அன்றன்றே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் சர்க்கரை டாக்டர். அடுத்த முறை போகும்போது அதைப் படித்துப் பார்த்துத் திட்டுவாராம். இட்லிக் கணக்குக்கு இரண்டு வரி போதும். மீதிப் பக்கம் சும்மா கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கோழித் தீவன ஆலையில் காலமெல்லாம் தரப் பரிசோதனை அறிக்கை எழுதிய கை. வெற்றிடத்தைக் கண்டால் எதையாவது போட்டு நிரப்பும்.

இன்றைய விசேஷம்: மகள் வான்மதி ஹூஸ்டனிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள், ஐந்து வயதுப் பேத்தி ஆதிரையோடு. மாப்பிள்ளை நவநீதனுக்கு வேலை அதிகமாம், வரவில்லை. கோவை விமான நிலையத்தில் பெட்டிகளைப் பார்த்துக் கார் டிரைவர் மலைத்து நின்றுவிட்டார். வீட்டில் திறந்தபோது ஒரு பெட்டி முழுக்கக் கம்பளிச் சட்டை, ஆதிரை பள்ளியில் வரைந்த படங்கள், வான்மதியின் பட்டச் சான்றிதழ்கள். நாமக்கல் வெயிலில் கம்பளி எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்ப்பா" என்றாள். பெண்கள் பெட்டி கட்டுவதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் மனைவி பூங்கொடி இருந்திருந்தால் கேட்டிருப்பாள், பதிலும் வாங்கியிருப்பாள். அவள் போய் நான்கு வருடமாகிறது.

ஜூன் 5, வியாழன்

குழந்தை எதையும் சாப்பிடவில்லை. இட்லியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். தோசை, உப்புமா, தயிர்ச்சோறு எல்லாம் அதே கதிதான். மாலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்புச்சி, எனக்கு டோர்த்தியா வேணும்" என்றாள்.

ஏதோ பொம்மை என்று நினைத்து, நாளைக்குக் கடைவீதியில் வாங்கித் தருவதாகச் சொன்னேன். வான்மதிதான் விளக்கினாள். மெக்சிகோக்காரர்கள் மக்காச்சோளத்தில் சுடும் சப்பாத்தியாம் அது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மக்காச்சோளம்! என் உத்தியோகமே அதுதான். லாரி லாரியாக வந்த மக்காச்சோளத்தில் ஈரம் பார்த்து, பூஞ்சை பார்த்து, இந்த மாவட்டத்துக் கோழிகளுக்கெல்லாம் சோறு போட்டவன் நான். ஒரே ஒரு பேத்திக்குப் போட முடியாதா? நாளைக்கே செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சமையலில் எனக்குத் தெரிந்தது வெந்நீர் வைப்பது. அதிலும் ஒரு முறை பாத்திரம் தீய்ந்திருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

கடையில் 'கார்ன் ஃப்ளவர்' என்று கேட்டு வாங்கினேன். தண்ணீர் ஊற்றிப் பிசைந்தேன். பிசையப் பிசைய அது ஓடியது, விட்டால் கெட்டியானது. கல்லில் ஊற்றியதும் கண்ணாடி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டது. கரண்டியால் சுரண்டினேன். கரண்டி வளைந்தது. போஸ்டர் ஒட்டப் பசை தேவைப்படும் கட்சிக்காரர்கள் என்னை அணுகலாம்.

வான்மதி வந்து பார்த்தாள். வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தாள். அதனால் அந்தக் கல்லைத் தேய்த்துக் கழுவியது எனக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மாப்பிள்ளை ஃபோனில் பேசினார். மரியாதையான பையன், வார்த்தைக்கு ஒரு 'மாமா'. டோர்த்தியா எப்படிச் செய்வார்கள் என்று அவரையே கேட்டுவிட்டேன். "எங்க வீட்டுல அதெல்லாம் வாங்கறதே இல்லீங்க மாமா. எனக்கு அந்த வாசமே ஆகாது" என்றார். குழந்தைக்கு எங்கே பழக்கமானதோ. பள்ளிக்கூடத்தில் இருக்கும்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி இருவருக்கும் திரும்ப டிக்கெட் இருப்பதை ஞாபகப்படுத்தினார். பத்திரமாக அனுப்பி வைக்கிறேன் என்றேன். வான்மதியைக் கூப்பிட்டேன். மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள், கை ஈரமாக இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லச் சொன்னாள். அப்படியே சொன்னேன். காய்ந்த துணியை எடுக்கிற கை எப்படி ஈரமாகும் என்று ஃபோனை வைத்த பிறகுதான் தோன்றியது. எனக்கு எல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் எட்டும்.

ஜூன் 11, புதன்

வீடியோவில் ரகசியம் கிடைத்துவிட்டது. காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் அதிலேயே ஊறவிட வேண்டுமாம். காலையில் தோலைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தோடு அரைத்தால் மாவு. சுண்ணாம்பு என்றால் நம் வெற்றிலைச் சுண்ணாம்புதான். உலகத்தின் அந்தக் கோடியில் இருப்பவர்களும் பெட்டிக்கடைக்குத்தான் போயிருப்பார்கள் போலிருக்கிறது.

சோளத்துக்கு என் பழைய ஆலைக்கே போனேன். என்னிடம் வேலை கற்ற குமரகுரு இப்போது அங்கே அதிகாரி. ஐந்து கிலோ நல்ல சோளம் வேண்டும் என்றதும், "எத்தன கோழி வளக்கறீங்க சார்?" என்று கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு" என்றேன். "அதுவும் எதும் திங்க மாட்டேங்குது."

பூஞ்சைச் சோதனை செய்து முடிவு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பேத்திக்கு என்றதும் குமரகுரு இரண்டாவது முறையும் சோதித்துக் கொடுத்தான்.

ஜூன் 12, வியாழன்

சுண்ணாம்பு கூடிவிட்டது. மஞ்சள் நிறம் என்னமோ தாலிக்கயிறு மாதிரி ஜோராக இருந்தது. வெந்த சோளம் ஒரு பிடி வாயில் போட்டேன். நாக்கு வெந்துவிட்டது. வெற்றிலை பாக்கு இல்லாமல் தாம்பூலம் போட்ட ஒரே ஆள் நான்தான்.

ஆதிரைக்குத் தரவில்லை. அவள் பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

தினமும் காலையில் வான்மதியின் அறையிலிருந்து நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கிறது. இரவு கதவுக்கு உள்பக்கம் நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்குகிறாள். தாழ்ப்பாள் சரியில்லை போலும். இத்தனை வருடமாக நான் கவனிக்கவே இல்லை. மோகனூர் ரோட்டுக் கடையில் நல்ல கனமான தாழ்ப்பாளாக வாங்கி வந்து, ஆசாரியைக் கூப்பிடாமல் நானே மாட்டினேன். கட்டை விரலில் ஒரு சுத்தியல் அடி.

மாப்பிள்ளை இன்றும் பேசினார். வான்மதி குளித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 16, திங்கள்

காலையில் மறுபடி நாற்காலி இழுக்கும் சத்தம். புதுத் தாழ்ப்பாளும் மட்டம் போலிருக்கிறது. கடைக்காரனிடம் கேட்க வேண்டும்.

ஜூன் 21, சனி

இந்த முறை சுண்ணாம்பு அளவு சரி. தோல் வழுவழுவென்று கழன்று வந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. கிரைண்டரில் போட்டேன். ஓடவில்லை. தண்ணீர் ஊற்றினேன், ஓடியது. இன்னும் ஊற்றினேன், நன்றாக ஓடியது. கடைசியில் கிடைத்தது தோசை மாவு. மக்காச்சோளத் தோசை சுட்டு நானே சாப்பிட்டேன். டாக்டர் கவனிக்க: எண்ணிக்கை ஞாபகமில்லை.

மதியம் பரமத்தியிலிருந்து பாப்பாத்தி அக்கா வந்தாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். கல்யாணம், காதுகுத்து, சொந்தத்தில் சண்டை எதுவானாலும் கடைசிப் பேச்சு அவளுடையது. தோசையைப் பார்த்து, மாட்டுக்கு வைக்கிறதை மனுஷனுக்கு வைக்கிறாயே என்றாள். வான்மதி எப்போது கிளம்புகிறாள் என்று என்னிடம் நான்கு முறை கேட்டாள். பத்தாம் தேதி என்று நானும் நான்கு முறை சொன்னேன். வான்மதியை ஒரு முறை கேட்டாள். வான்மதி காபி போடப் போய்விட்டாள்.

பேருந்துக்குக் கொண்டுபோய் விடும்போது அக்கா சொன்னாள்: "செங்கோடா, அந்தப் புள்ள மொகத்துல தெளிவே இல்ல. புருசன் பொஞ்சாதிக்குள்ள என்னமோ இருக்குது. எதுவா இருந்தாலும் சொல்லிக் குடுத்து அனுப்பி வெய்யி." களைப்பாக இருக்கும் என்றேன். விமானத்தில் வந்த களைப்பு இத்தனை நாள் இருக்குமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. நான் விமானத்தில் போனதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

தண்ணீரே ஊற்றாமல் அரைத்துப் பார்த்தேன். கல் நின்றுவிட்டது, மோட்டாரிலிருந்து புகை வந்தது. பதறிப்போய்த் திரும்பியதில் எவர்சில்வர் தாம்பாளம் கீழே விழுந்தது. நல்ல சத்தம்.

பார்த்தால் ஆதிரையைக் காணோம். சாப்பாட்டு மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஒளிந்து விளையாடுகிறாள் என்று நினைத்து, "எங்க காணோமே, எங்க காணோமே" என்று கூடமெல்லாம் தேடுவது மாதிரி நடித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெளியே வரவும் இல்லை. வான்மதி வந்து, அவளும் குனிந்து மேசைக்கு அடியில் போய் மகளோடு உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து என்னைப் பார்த்தாள். அப்பா, கொஞ்ச நேரம் வெளியில் இருங்கள் என்றாள்.

வெளியில் போய் நின்றேன். குழந்தைகளோடு விளையாடும் பழக்கம் எனக்கு விட்டுப்போய்விட்டது.

ஜூலை 1, செவ்வாய்

மோட்டார் சரிசெய்து வந்தாயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகச் சோளம், கை நனைத்துத் தெளிக்கிற அளவு தண்ணீர், இரண்டு தடவை அரைத்தல். மாவு உருட்ட வருகிறது. எண்ணெய்ப் பாக்கெட்டை வெட்டிக் கழுவி, இரண்டு தாளுக்கு நடுவில் உருண்டையை வைத்து மணைக்கட்டையால் அமுக்கினேன். வட்டம் வந்தது. ஓரமெல்லாம் வாய்பிளந்து, கோடையில் ஏரி வெடித்த மாதிரி.

ஆதிரை மணைக்கட்டையை எட்டிப் பார்த்தாள். "ரோசா இப்படிப் பண்ணாது" என்றாள்.

ரோசா யார் என்றேன். ரோசாதான் என்றாள். கூடப் படிக்கிற பிள்ளையாக இருக்கும்.

ஆனால் ஓரம் வெடித்த அந்தத் துண்டை முழுசாகச் சாப்பிட்டாள். நான் எழுந்து பூஜை அறைக்குப் போய் எந்தச் சாமி என்று பார்க்காமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

மாவு இன்று சரியான பதத்தில் வந்தது.

மாப்பிள்ளை பேசக் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

நேற்று இரண்டு வரிக்குமேல் எழுத முடியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

நேற்று காலை வான்மதி கோயிலுக்குப் போயிருந்தாள். நானும் ஆதிரையும் அடுப்படியில். மாவைப் பிசைந்து அவள் கையில் ஓர் உருண்டை கொடுத்தேன். அவள் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, ஓரம் வெடித்ததும் கை நனைத்து மறுபடி பிசையச் சொன்னாள். மூன்றாவது தடவை வெடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாகத் தட்ட ஆரம்பித்தாள். சத்தமே இல்லாமல். நான் பட்பட்டென்று தட்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தம் போடக் கூடாது அப்புச்சி."

"ஏன் சாமி?"

"மேல அப்பாக்குக் கேட்டுரும்."

இந்த வீட்டுக்கு மேல் மாடி கிடையாது. மொட்டைமாடிதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டேன். ரோசா கூடப் படிக்கிற பிள்ளை இல்லை. ஹூஸ்டனில் இவர்கள் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கிற அம்மாள். அப்பா கத்தினால் ஆதிரையும் அம்மாவும் படியிறங்கி அங்கே போய்விடுவார்களாம். அம்மா நாற்காலியில் ஐஸ் பையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். சில நாள் கன்னத்தில். அந்நேரம் ரோசாவும் ஆதிரையும் டோர்த்தியா சுடுவார்கள். சுட்டதும் ரோசா முதல் டோர்த்தியாவை ஆதிரைக்குத் தருவாளாம். அங்கே யாரும் கத்த மாட்டார்களாம்.

இதையெல்லாம் ஏதோ பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லித் தந்ததைச் சொல்வது மாதிரி, மாவைத் தட்டிக்கொண்டே சொன்னாள். கல்லில் போட்டதைத் திருப்ப நான் மறந்துவிட்டேன். "அப்புச்சி, கருகுது" என்று அவள்தான் சொன்னாள்.

சோள லாரியில் மேல் மூட்டை எல்லாம் சுத்தமாக இருக்கும். நடுவில் குத்தூசி விட்டு எடுத்தால்தான் பூஞ்சை தெரியும். இதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில், நான் தாழ்ப்பாள் மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 9, புதன்

வான்மதியிடம் கேட்க இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். பேச்சை எப்படித் தொடங்குவது என்று நடைப்பயிற்சியில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில் எதிரே வந்தவர் வேறு பக்கம் போய்விட்டார். கடைசியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் போய், "ரோசா நல்ல மனுசியா கண்ணு?" என்று கேட்டேன். இதற்கு இரண்டு நாள் ஒத்திகை.

கத்தி நின்றது. பிறகு சொன்னாள். ரோசாவின் முழுப்பெயர் ரோசாரியோவாம், பேக்கரியில் வேலையாம். கல்யாணமான இரண்டாம் வருடமே அடி ஆரம்பித்ததாம். மாப்பிள்ளை அவளை வேலையை விடச் சொன்னதும், அம்மா சாவுக்கு வந்தவள் உடனே திரும்பிப் போனதும் எதனால் என்று இப்போது எனக்குப் புரிந்தது. லீவு என்று பொய் சொல்லித்தான் கிளம்பி வந்திருக்கிறாள். கடைசியாக ஒன்று கேட்டாள்.

"பத்தாந்தேதி எங்கள அனுப்பிச்சிருவீங்ளாப்பா?"

அப்பன் என்றால் இந்த இடத்தில் கம்பீரமாக ஏதாவது சொல்ல வேண்டும். நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். அவள் அழ ஆரம்பித்ததும், என்ன செய்வதென்று தெரியாமல் மீதி வெண்டைக்காயை எல்லாம் நானே நறுக்கினேன். துண்டெல்லாம் கோணல்மாணல். குழம்பில் கரைந்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

மாப்பிள்ளை கூப்பிட்டார். ஃபோன் அடித்ததும் குளியலறைக்குப் போய்விட்டேன். மறுபடி அடித்தது. மறுபடி குளித்தேன். மகளுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவன் சோப்பை நம்பிக்கொண்டிருக்கிறான்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று ஃபோனை எடுத்தேன். வான்மதி இப்போதைக்கு வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் சொன்னேன். மாப்பிள்ளை வழக்கமான மரியாதையோடு, நேரில் வந்து பேசிக்கொள்கிறேன் மாமா என்றார்.

மாலையில் பாப்பாத்தி அக்கா ஃபோன். மாப்பிள்ளை வீட்டார் அவளிடம் பேசியிருக்கிறார்கள். ஆகஸ்ட் மூன்றாம் தேதி வருகிறார்களாம், பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துவிடலாமாம். அடித்தான் அக்கா என்றேன். "எவன் அடிக்கல?" என்றாள். "உங்க மாமன் என்னைய அடிக்காததா? அதுக்குனு வந்து உக்காந்துக்கிட்டனா?"

இத்தனை வயதில் இதை அவள் என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்னதை அவளே கவனித்தாளா தெரியவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

டோர்த்தியா இப்போது தினமும். ஆதிரை டோர்த்தியாவுக்குள் தக்காளித் தொக்கு வைத்துச் சுருட்டிச் சாப்பிடுகிறாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. சத்தமாகத் தட்டலாம், இங்கே யாரும் மேலே இல்லை என்று சொல்லியிருக்கிறேன். நேற்று ஒரு தட்டு தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இரண்டு தட்டினேன். அவள் மூன்று. பக்கத்து வீட்டுக்காரர் என்ன சத்தம் என்று கேட்க வந்து, இரண்டு தின்றுவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 2, சனி

நாளைக்குப் பேச ஓர் உரை தயாரித்தேன். தொடக்கம், நடு, முடிவு எல்லாம் உண்டு. நடுவில் சோள லாரி உவமை வருகிறது. கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவர் பயந்துபோனவராகத் தெரிந்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வந்தார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நவநீதன், அவன் அப்பா, அம்மா. எங்கள் பக்கம் பாப்பாத்தி அக்கா. குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் நான் அடுப்படியில் இருந்தேன், கையெல்லாம் மாவு. அப்படியே கூடத்துக்கு வந்தேன். நவநீதன் எழுந்து என் காலில் விழுந்தான். மாவுக் கையோடு ஆசீர்வாதம் செய்வதா வேண்டாமா என்று புரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவன் அப்பா நிதானமாகப் பேசினார். சின்னஞ்சிறுசுகள், வெளிநாட்டு வாழ்க்கை, வேலை நெருக்கடி, ஒரு கோபத்தில் ஏதோ நடந்திருக்கும். நவநீதன் தலைகுனிந்து, இனி நடக்காது என்றான். அழகாகத்தான் சொன்னான். அக்கா என்னைப் பார்த்து, முடித்துவை என்கிற மாதிரித் தலையசைத்தாள். வான்மதி சுவரோரம் நின்றிருந்தாள். ஆதிரை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உரையைத் தொடங்கினேன். லாரி என்ற சொல்வரைக்கும் வந்தேன். பெற்ற பெண்ணைப் பற்றிப் பேச வந்தவன் மூட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. மீதி எல்லாம் மறந்துபோயிற்று.

"அனுப்பறதில்லீங்க" என்றேன்.

அவ்வளவுதான் என் உரை.

நவநீதனின் அம்மா, பெண்ணைக் கேட்காமல் நீங்களே சொன்னால் எப்படி என்றார். வான்மதி அவரைப் பார்க்காமல் நவநீதனைப் பார்த்துச் சொன்னாள். "நான் வரல. அப்பா சொல்றதுக்காக இல்ல. நான் கெளம்பறப்பவே வரக்கூடாதுன்னுதான் கெளம்புனேன்." குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை.

நவநீதன் எழுந்தான். குரல் மாறியது. யாரைக் கேட்டுக் குழந்தையைத் தூக்கி வந்தாய் என்று கத்திக்கொண்டு இரண்டு எட்டு வைத்தான். கையைக்கூட ஓங்கவில்லை. ஆனால் அதற்குள் வான்மதி குழந்தையை வாரி எடுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பி, முதுகை அவனுக்குக் காட்டிக் குனிந்து நின்றுவிட்டாள். யோசித்துச் செய்யவில்லை, உடம்பே செய்தது. எத்தனை முறை செய்திருந்தால் உடம்புக்கு அப்படிப் பழகும்.

நான் குறுக்கே போய் நின்றேன். மாவுக் கையை அவன் நெஞ்சில் வைத்துத் தடுத்தேன். அவன் என்னைவிட ஒரு தலை உயரம் என்பதை அவ்வளவு பக்கத்தில் நின்றபோதுதான் பார்த்தேன்.

பெரியவர்களில் முதலில் எழுந்தது பாப்பாத்தி அக்கா. வான்மதியின் குனிந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சம்பந்தியிடம் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"பையனக் கூட்டிக்கிட்டுக் கெளம்புங்க. எங்க புள்ள இங்கதான் இருப்பா."

காபி குடிக்காமலே போனார்கள். அவன் வெள்ளைச் சட்டை நெஞ்சில் என் ஐந்து விரலும் மாவாகப் பதிந்திருந்தது. வீரச் செயல் என்று இதைத்தான் என் வரலாற்றில் எழுத முடியும்.

அக்கா போய் வான்மதியின் முதுகில் கை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அவர்கள் ஏறியிருக்க வேண்டிய விமானம் இன்று. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆதிரை எதிர் வீட்டுப் பிள்ளையோடு தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வாசலையே ஏரியாக்கிவிட்டாள். திட்டவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

சேலத்தில் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தோம். ஆறுதலாகப் பேசவில்லை, அதனால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. நவநீதன் அங்கே வழக்குப் போடலாம், குழந்தையைக் கேட்கலாம், வருடக்கணக்கில் இழுக்கும் என்றார். நேரில் பார்த்த சாட்சி யாராவது உண்டா என்று கேட்டார். ரோசாரியோவைப் பற்றி வான்மதி சொன்னாள். அவரிடம் பேசுங்கள் என்றார்.

பேருந்தில் வரும்போது வான்மதி சொன்னாள். ரோசாரியோவிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பி வந்துவிட்டாளாம். எந்த முகத்தோடு பேசுவது என்று இத்தனை நாளும் கூப்பிடவே இல்லையாம். வம்புக்கு அஞ்சிக் குளித்துக்கொண்டிருந்தவன் நான். அவளுக்கு என்ன புத்தி சொல்ல முடியும்? "நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று மாலை கூப்பிட்டோம். அங்கே காலை நேரம். திரையில் ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருந்தார். நான் ரோசா என்றதும் என்னமோ பூ மாதிரி மெல்லிய ஆளை நினைத்திருந்தேன். மூட்டை தூக்குகிறவர் மாதிரி தோள்.

வான்மதியைப் பார்த்ததும் அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். வான்மதி தனக்குத் தெரிந்த கொஞ்சம் ஸ்பானிஷில் பேசத் தொடங்கினாள். சாட்சி சொல்ல வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் சரி, சரி என்று தலையாட்டிவிட்டார். அது எனக்கே புரிந்தது. அதற்குமேல் வான்மதியால் பேச முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

திரையில் நானும் ரோசாரியோவும் தனியாக மாட்டிக்கொண்டோம். எனக்குத் தெரிந்த மெக்சிகோ பாஷை ஒரே ஒரு சொல். "டோர்த்தியா" என்றேன். தட்டில் இருந்ததைத் தூக்கிக் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையருகே வந்து உற்றுப் பார்த்தார்.

பிறகு நான் தமிழிலேயே சொன்னேன். வேறு வழி இல்லை. "என்ற புள்ளைகளுக்குக் கதவத் தெறந்து வுட்டீங்க. ஒருக்கா ரெண்டுக்கா இல்ல. அன்னிக்கு நான் இங்க தெரியாமத் தூங்கிக்கிட்டிருந்தேன். நீங்க நல்லா இருக்கோணும்."

அவர் நெஞ்சில் கை வைத்துக் கடைசிவரை கேட்டார். பிறகு பேசினார். நிறையப் பேசினார். நடுவில் இரண்டு முறை குரல் உடைந்தது. ஆதிரையின் பெயர் வந்தது, வான்மதியின் பெயர் வந்தது, எங்கோ மேலே கையைக் காட்டினார், தன் வீட்டுக் கதவைக் காட்டினார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

ஆதிரை என் மடியில் உட்கார்ந்து டோர்த்தியாவைத் தின்றுகொண்டிருந்தாள். ரோசா வீட்டில் பழகியதில் அவளுக்கு அந்தப் பாஷை நன்றாகவே தெரியும். "அவங்க என்ன சொல்றாங்க சாமி?" என்று கேட்டேன்.

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள். "உங்க டோர்த்தியா ரொம்பத் தடியா இருக்காம்."

"இவ்ளோ நேரம் பேசுனாங்களே?"

"அவ்ளோதான் அப்புச்சி."

சரி என்று தலையாட்டினேன். அந்தப் பக்கம் ரோசாரியோவும் தலையாட்டினார்.